காற்றுப் பை கட்சியும் சுருள்வில் கட்சியும்

பழைய ரேஞ்ச் ரோவர் வைத்திருப்பவர்களுக்கென்றே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஒரு பொட்டலம் விற்கிறார்கள். உள்ளே நான்கு சுருள்வில்கள், அவற்றை உட்காரவைக்கக் கிண்ணங்கள், டாஷ்போர்டில் விடாமல் எரியும் எச்சரிக்கை விளக்கை அணைக்க ஒரு சின்ன மின்கருவி. அந்த வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது அதில் இருந்தது ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு வில்லுக்குப் பதில் காற்று அடைத்த பைகள். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்கு முந்தைய தலைமுறைச் சுருள்வில்லைப் பொருத்துவதற்கான பொட்டலம் இது. காசு கொடுத்து வாங்கிய சொகுசை மேலும் காசு கொடுத்துக் கழற்றுகிறார்கள். அதே வண்டியை ஓட்டும் இன்னொரு கட்சிக்காரர்களிடம் காற்றுப் பையைக் குறை சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

இரண்டு கட்சியும் சொல்வதில் பெரும்பகுதி உண்மைதான். வழக்குதான் கொஞ்சம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. கரடுமுரடான பாதையில் ஒரு வண்டி தாண்டுவதும் மாட்டிக்கொள்வதும், அதன் வில் இரும்பா காற்றா என்பதைவிட, சக்கரங்கள் எதில் மாட்டப்பட்டிருக்கின்றன என்பதையே அதிகம் சார்ந்திருக்கிறது.

முதலில் வில்லைப் பார்த்துவிடலாம். காற்று, சுருள்வில் இரண்டுக்கும் விதி எழுதியவர்கள் ஒரே பட்டறைக்காரர்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் பாயிலுக்கு உதவியாளராக இருந்த ராபர்ட் ஹூக், அவருக்காக ஒரு காற்றுப் பம்பு செய்து கொடுத்தார். அதில் செய்த சோதனைகளைப் பாயில் 1660-இல் புத்தகமாக்கினார். 1662-இல் அவருடைய பெயரிலான விதி அச்சேறியது: வெப்பநிலை மாறாதிருந்தால், அடைபட்ட காற்றின் கன அளவு பாதியாகும்போது அழுத்தம் இரட்டிப்பாகும். ஹூக் தன் பங்குக்கு 1678-இல், வில் எவ்வளவு நீள்கிறதோ அந்த விகிதத்திலேயே எதிர்க்கும் என்று எழுதி வெளியிட்டார். முதலாளியின் விதி இன்று காற்றுப் பைக்குள் வேலை செய்கிறது. உதவியாளரின் விதி சுருள்வில்லில்.

வண்டியில் இது எப்படித் தெரியும்? சாதாரணச் சுருள்வில்லை முதல் சென்டிமீட்டர் அமுக்க என்ன விசை வேண்டுமோ, பத்தாவது சென்டிமீட்டருக்கும் கூடுதலாக அதே விசைதான் வேண்டும். காற்று அப்படியில்லை. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் முதலில் இணங்கும், போகப்போக முரண்டு பிடிக்கும், கடைசியில் நகரவே நகராது. இந்தக் குணத்தால்தான் காற்றுப் பை சின்ன அதிர்வுக்கு மெத்தென்று கொடுக்கும், பெரிய குழிக்கு இறுகிக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய லாபம் சுமை விஷயத்தில். ஒரு பஸ்ஸில் ஐந்து பேருக்கும் நாற்பத்தைந்து பேருக்கும் ஒரே வில் என்றால், இரும்புப் பட்டைகளை அடுக்கிய கமான் பட்டையாக இருந்தாலும் சுருள்வில்லாக இருந்தாலும் காலியாக ஓடும்போது தூக்கிப் போடும், நிறைந்து ஓடும்போது தொங்கிப்போகும். காற்றுப் பை என்றால் ஆள் ஏற ஏறக் காற்றை ஏற்றி உயரத்தைப் பழையபடி நிறுத்திவிடலாம். சுமைக்கு ஏற்ப வில்லின் விறைப்பும் கூடுவதால் குலுக்கல் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஆம்னி பஸ்களின் முதுகில் 'ஏர் சஸ்பென்ஷன்' என்று பெருமையாக எழுதுவது இதற்காகத்தான். அமெரிக்காவின் கிரேஹவுண்ட் நிறுவனம் 1954-இல் இறக்கிய சீனிக்குரூசர் பஸ் காற்றில்தான் மிதந்தது. சென்னை பாடியிலுள்ள வீல்ஸ் இந்தியா நிறுவனம் பஸ், லாரிகளுக்கான காற்று அமைப்புகளைத் தயாரிக்கிறது. பஸ்ஸில் வெற்றி கண்டது காரில் முதலில் சறுக்கியது. 1957-இன் காடிலாக் எல்டொராடோ புரோஹம் காற்றுப் பையோடு வந்தது, கசிந்தது. வாங்கியவர்களில் பலர் சுருள்வில்லுக்கு மாறிக்கொண்டார்கள். மாற்றுப் பொட்டல வியாபாரம் அவ்வளவு பழசு.

இனி காடுமேடு.

1970-இல் முதல் ரேஞ்ச் ரோவர் வந்த காலத்தில், இந்த வகை வண்டிகளில் பெரும்பாலானவை கமான் பட்டையில்தான் ஓடின. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் சின்ன மேட்டுக்கும் அசைய யோசிக்கும். ஸ்பென் கிங் தலைமையிலான பொறியாளர்கள் நான்கு மூலையிலும் நீளமான சுருள்வில்லை வைத்தார்கள். சக்கரம் பள்ளத்துக்குள் தாராளமாக இறங்கியது, மேட்டில் தாராளமாக ஏறியது. அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒன்று இரண்டு ரேஞ்ச் ரோவர்களில் அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்காவின் தெற்கு முனை நோக்கிக் கிளம்பி, பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சாலையே இல்லாத டேரியன் சதுப்புக் காட்டை மாதக்கணக்கில் முட்டி மோதிக் கடந்தது. அங்கே குழுவின் உயிரை வாங்கியது வில் அல்ல, இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்.

1992-இல் அதே ரேஞ்ச் ரோவரின் நீண்ட மாடலில் சுருள்வில்லின் இடத்துக்குக் காற்றுப் பை வந்தது. பொத்தானை அழுத்தினால் உடல் உயரும். ஆள் ஏறி இறங்கத் தாழும். நெடுஞ்சாலை வேகத்தில் தானாகவே சற்றுப் படியும். பார்க்க மாயாஜாலம்தான். ஆனால் அந்த வண்டியில் முன்னும் பின்னும் இருந்தது பழைய பாணிக் கட்டை அச்சு; அதாவது இடச் சக்கரத்தையும் வலச் சக்கரத்தையும் ஒரே இரும்புக் குழாய் இணைக்கும், அதன் நடுவில் டிஃபரென்ஷியல் புடைத்துக்கொண்டிருக்கும். உடலை எவ்வளவு தூக்கினாலும் அந்தப் புடைப்பு தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது, ஏனென்றால் அது தொங்குவது உடலில் இல்லை, சக்கரங்களுக்கு இடையில். அதை உயர்த்த எளிய வழி பெரிய டயர்.

சுருள்வில்காரர்களுக்கும் இதே கதைதான். மாருதி ஜிம்னிக்கு முன்னும் பின்னும் கட்டை அச்சு. மஹிந்திரா தாருக்குப் பின்னால் மட்டும். இரண்டு அங்குலம் உயரமான வில்லை வாங்கி ஜிம்னியில் மாட்டினால் வண்டியின் வயிறு உயரும், மூக்கு பாறையில் இடிப்பது குறையும், நண்பர்கள் மெச்சுவார்கள். டிஃபரென்ஷியல் மட்டும் பழைய கல்லிலேயே இடிக்கும்.

காற்றுப் பைக்கு உண்மையான அர்த்தம் வந்தது, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் அமைப்போடு அது சேர்ந்த பிறகு. ரேஞ்ச் ரோவரைச் செய்யும் லேண்ட் ரோவர் நிறுவனத்தின் 2004 டிஸ்கவரி 3-ஐ எடுத்துக்கொள்ளலாம். அதில் டிஃபரென்ஷியல் உடலோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறது. பையில் காற்றை ஏற்றினால் அதுவும் கூடவே மேலே போகிறது. சாலையில் 185 மில்லிமீட்டராக இருக்கும் தரை இடைவெளி, பொத்தானைத் தட்டினால் 240 ஆகும். சும்மா ஒரு பொத்தானுக்கு 55 மில்லிமீட்டர் என்பது எந்தச் சுருள்வில்லும் தர முடியாத வரம்.

வரத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. கட்டை அச்சில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால், அந்த நெம்பலிலேயே மறுபக்கச் சக்கரம் கீழே அழுந்தும், தரையை விடாது. தனித்தனிச் சக்கரங்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. கல்லில் ஏறிய சக்கரத்தின் பை இறுகி உடலைத் தூக்கும், மறுபக்கம் அந்தரத்தில் சுற்றும். லேண்ட் ரோவர் இதற்குக் கண்ட வழி புத்திசாலித்தனமானது. இடப் பையையும் வலப் பையையும் ஒரு குழாயால் இணைத்து நடுவில் ஒரு வால்வு வைத்தார்கள். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்போது கணினி வால்வைத் திறக்கும். அமுங்கிய பையிலிருக்கும் காற்று பக்கத்துப் பைக்கு ஓடி, அந்தச் சக்கரத்தைக் கீழே தள்ளும். இரும்புக் குழாய் செய்த வேலையைக் காற்றுக் குழாய் செய்கிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. வண்டி ஒரு மேட்டின் முதுகில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது, சக்கரங்களில் பாரமே இல்லை என்று வையுங்கள். அந்த நிலையைக் கணினி கண்டுபிடித்து, வழக்கமான உயரத்துக்கும் மேலே பைகளை ஊதி வண்டியை விடுவிக்கப் பார்க்கும். சுருள்வில்காரர் அந்த நேரத்தில் ஜாக்கியைத் தேடிக்கொண்டிருப்பார்.

காற்றுக் கட்சி சொல்லாமல் விடுவது ஒன்று. சக்கரம் மேலும் கீழும் அசைய மொத்தம் இவ்வளவுதான் தூரம் என்று உண்டு. பையை ஊதினால் அந்தத் தூரம் கூடாது. உடல் உயர்ந்த அளவுக்குச் சக்கரம் கீழே இறங்கும் பங்கு ஏற்கெனவே செலவாகிவிடுகிறது. அதனால் முழு உயரத்தில் பள்ளத்தைத் தாண்டும்போது ஷாக் அப்சார்பர் நீட்சியின் எல்லையில் 'டக்'கென்று முட்டும், பயணம் கட்டையாகும். ஆக்சில் தண்டுகளின் மூட்டுகளும் கூடுதலாக வளைந்தே சுற்ற வேண்டும். டிஸ்கவரி 3, மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் தானாகவே இறங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாம் சரி, கெட்டுப்போனால்?

ஏர் சஸ்பென்ஷன் என்பது பை மட்டுமில்லை. கம்ப்ரஸர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், காற்றைத் தேக்கும் தொட்டி, வால்வுத் தொகுப்பு, நான்கு உயர உணரிகள், எல்லாவற்றையும் ஆளும் கணினி. இதில் ரப்பர் பை கிழிவதைவிட மற்றவை சதி செய்வதே அதிகம். பையில் மயிரிழைக் கசிவு விழும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி எரிந்துபோகும். டிரையர் பொடிந்து அந்தத் தூள் வால்வை அடைக்கும். கடைசியில் வண்டி ரப்பர் ஸ்டாப்பர்மேல் உட்கார்ந்துகொள்ளும். நகரத்தில் அது ஒரு தொல்லை. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பக்கம் 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையின் நடுவில் அது ஒரு சம்பவம்.

உயர உணரியின் கதை வேடிக்கையானது. சக்கரத்தின் கைக்கும் வண்டியின் சட்டத்துக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு சின்னத் தண்டு அதை அசைக்கிறது. கணினிக்கு உயரம் என்றால் அந்தத் தண்டு சொல்வதுதான். கல் பட்டு அது முறிந்தால் பை, கம்ப்ரஸர் எல்லாம் நலமாக இருந்தும் வண்டி ஒரு மூலை சாய்ந்து நிற்கும். இதையே சில வண்டிக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். வேறு நீளத்தில் ஒரு தண்டை மாட்டினால், வண்டி தாழ்ந்திருக்கிறது என்று கணினி ஏமாந்து இன்னும் கொஞ்சம் ஊதும். சுருள்வில்காரர் ஒரு செட் வில் வாங்கிச் செய்வதை இவர்கள் நான்கு குட்டித் தண்டுகளில் முடித்துவிடுகிறார்கள். தொலைதூரம் போகும் சிலர் ஒவ்வொரு பைக்கும் சைக்கிள் டியூபில் இருப்பதுபோன்ற ஒரு வால்வைத் தனியே பொருத்தி வைக்கிறார்கள்; கணினி கைவிட்டால் டயர் பம்பில் ஊதிக்கொண்டு வீடு வந்து சேரலாம்.

சுருள்வில் சாதுவா என்றால், பாதிக்குப் பாதி. அதற்குக் கரண்டு வேண்டாம், கணினி வேண்டாம். உடைந்தாலும் பல சமயம் நொண்டிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம். ஆனால் சக்கரம் ரொம்பக் கீழே தொங்கினால் வில் தன் இருக்கையிலிருந்து கழன்று விழப் பார்க்கும். அதைத் திரும்ப இருக்கைக்கே வழிநடத்த ஒரு கூம்பை உள்ளே பொருத்துகிறார்கள். தண்ணீர், டீசல், கூரைக் கூடாரம் என்று மாதக்கணக்குப் பயணத்துக்குச் சுமை ஏற்றினால் வண்டி பின்னால் அமுங்கும். அதற்காக முரட்டு வில் மாட்டினால், காலியாகக் கடைத்தெருவுக்குப் போகும்போது இடுப்பு கழன்றுவிடும். அலை அலையான மண் சாலையில் ஷாக் அப்சார்பர் சூடேறித் தளர்ந்துபோவது இரு கட்சிக்கும் பொதுவான துன்பம்.

வண்டி செய்பவர்களே இதில் ஒன்றுபடவில்லை. 2020-இல் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவரின் புதிய டிஃபெண்டர், கட்டை அச்சை அடியோடு கைவிட்டது. அதன் காற்றுப் பை சாலை உயரத்திலிருந்து 75 மில்லிமீட்டர் தூக்கும். வயிறு தட்டும் நெருக்கடியில் இன்னும் 70. தரை இடைவெளி 291 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. சுருள்வில் மாடல் 850 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்றால், காற்று மாடல் 900. பழைய டிஃபெண்டர் போனது பொறுக்காமல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் லண்டன் மதுக்கடை ஒன்றில் யோசித்து, அந்தக் கடையின் பெயரையே வைத்து உருவாக்கிய இனியோஸ் கிரெனேடியர் நேர் எதிர்: முன்னும் பின்னும் இத்தாலிய காராரோ நிறுவனத்தின் கட்டை அச்சு, நான்கு சுருள்வில், காற்றுக்கு இடமே இல்லை. அதன் இடைவெளி 264 மில்லிமீட்டர்.

291, 264 என்று எண்ணை மட்டும் ஒப்பிட்டு முடிவு கட்டினால் ஏமாந்து போவோம். 291 என்பது நின்ற இடத்தில், ஊதிய நிலையில். சக்கரம் ஒரு குழியில் தொம்மென்று விழுந்து பை அமுங்கும் கணத்தில் வயிறு தரையை நோக்கி வரும். கட்டை அச்சின் 264 வண்டி குதித்தாலும் சுமை ஏறினாலும் டயர் அமுங்கும் அளவைத் தவிரக் குறையாது. ஆனால் கிரெனேடியர்காரர் அந்த 264-ஐ எல்லா நாளும், நெடுஞ்சாலையிலும், உயரமான உடலோடும் கனத்த அச்சோடும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

வாரத்தில் ஐந்து நாள் தார்ச்சாலை, குடும்பம், இழுவை வண்டி, எப்போதாவது மலைப்பாதை என்பவருக்குக் காற்றுதான் பொருத்தம்; செல்போன் சிக்னல் தாண்டி வாரக்கணக்கில் போகிறவர் சுருள்வில்லோடு இருப்பதே நல்லது. இரண்டும் கெட்டானாக இருப்பவர்களுக்கு ஒரு நடுவழியும் உண்டு. பின்பக்கச் சுருள்வில்லின் உள்ளேயே ஒரு சின்னப் பாலியூரித்தேன் பையைச் செருகி, அதன் குழாயைப் பம்பர் ஓரம் கொண்டுவந்து டயர் வால்வில் முடிக்கிறார்கள். சுமை ஏற்றும் நாளில் டயருக்கு ஊதும் அதே பம்பில் ஊத வேண்டியது, இறக்கியதும் காற்றைக் குறைக்க வேண்டியது. இறுக ஊதிய பையோடு மேடுபள்ளத்தில் இறங்கினால் வில்லின் இணக்கம் போய்விடும். முழுக்க வெறுமையாக விட்டாலும் பை மடிந்து கிழியும். ஐந்து பிஎஸ்ஐ-யாவது எப்போதும் இருக்கட்டும் என்கிறார்கள் செய்பவர்கள்.