அமைதியைத் தேடிச் சிறு நகருக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

இடம்பெயர்வு என்ற சொல்லைக் கேட்டதும் எமது மக்களின் மனதில் எழுவது கசப்பான நினைவுகளே. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் தமிழ்க் குடும்பங்களைத் தமது வீடுகளிலிருந்து விரட்டின. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் தாம் பிறந்த மண்ணை விட்டு வெளியேற்றப்பட்டனர். எங்கு செல்வது, எப்போது செல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு வழங்கப்படவில்லை. ஆனால், இன்று தலைநகரில் வாழும் எமது குடும்பங்கள் மத்தியில் வேறொரு வகையான குடிபெயர்வு பற்றிப் பேசப்படுகின்றது. எவரும் விரட்டாமல், தாமாகவே விரும்பி, பெரிய நகரங்களுக்கு எட்டிய தூரத்திலுள்ள அமைதியான சிறு நகரொன்றுக்குச் சென்று வாழ்வது பற்றிய யோசனையே அதுவாகும்.

இதற்கான காரணங்கள் விளங்கிக்கொள்ள முடியாதவையல்ல. கொழும்பில் இரண்டு அறைகள் கொண்ட வீட்டிற்குச் செலுத்தும் வாடகையும் முற்பணமும் நடுத்தர வருமானம் பெறும் குடும்பத்தின் முதுகை முறிக்கின்றன. 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்று, சில தொழில்களை வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதைக் காட்டியது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியோ, ஒரு துண்டு வீட்டுத் தோட்டமும் ஒரு கிணறும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை உணர்த்தியது. மாவனல்லை, கம்பளை, மாத்தளை போன்ற நகரங்களின் பெயர்கள் இதனாலேயே இன்று பல வீடுகளில் அடிபடுகின்றன.

மாத்தளையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில் சுமார் 26 கிலோமீற்றர் தொலைவில் இந்நகர் அமைந்துள்ளது. வடக்கே சுமார் 45 கிலோமீற்றரில் தம்புள்ளைச் சந்தை இருக்கின்றது. கண்டியிலிருந்து மாத்தளை வரையான புகையிரதப் பாதை 1880ஆம் ஆண்டிலேயே அமைக்கப்பட்டது. சிங்கள, தமிழ், முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அருகருகே வாழும் நகர் இது. முத்துமாரியம்மன் ஆலயத்தின் மாசித் தேர்த் திருவிழாவும் பள்ளிவாசல்களின் பாங்கோசையும் இந்நகர வாழ்வின் பகுதிகளாகும். தமிழ் மொழிமூலப் பாடசாலைகளும் மாவட்ட வைத்தியசாலையும் உள்ளன. மேலதிக சிகிச்சைக்குக் கண்டி, பேராதனை வைத்தியசாலைகள் அதிக தொலைவில் இல்லை. இவ்வளவும் நன்மைகளே என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், வரைபடத்தில் காணும் தூரம் வேறு, வாழ்க்கையில் கடக்கும் தூரம் வேறு. மாத்தளையிலிருந்து கண்டிக்கு வேலைக்குச் செல்பவர் அக்குறணையையும் கட்டுகஸ்தோட்டையையும் தாண்டியாக வேண்டும். அடைமழையில் பிங்கா ஓயா பெருகினால் அக்குறணை நகரம் நீரில் மூழ்குவதும் போக்குவரத்துத் தடைப்படுவதும் அப்பகுதி மக்கள் அறிந்தவையே. கொழும்பில் தொழிலை வைத்துக்கொண்டு நாளாந்தம் சென்றுவருவது நடைமுறைச் சாத்தியமானதன்று. இதன் விளைவாகத் தந்தை தலைநகரில் விடுதி அறையொன்றில் தங்கி வார இறுதியில் மாத்திரம் வீடு திரும்புகின்றார். பிள்ளைகளின் கல்வி, முதியோரின் வைத்தியம், வீட்டுப் பொறுப்பு ஆகிய அனைத்தும் தாயின் தலையில் விழுகின்றன. மீதப்படுத்தப்பட்ட வாடகைக்கு ஈடாகக் குடும்பம் எதனைச் செலுத்துகின்றது என்பதையும் கணக்கிட்டே முடிவெடுக்க வேண்டும்.

அடுத்தது பிள்ளைகளின் பாடசாலையாகும். அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்திற்குப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது, பாடசாலைக்கு அண்மையில் வசிப்பவர் என்ற அடிப்படையில் விண்ணப்பிப்போரின் வதிவிடத்தை நிரூபிக்க வாக்காளர் இடாப்பு முக்கிய சான்றாகக் கொள்ளப்படுகின்றது. வீடு மாறியும் பழைய முகவரியிலேயே பெயரை வைத்திருப்பவர்கள் பின்னர் வருந்த நேரிடும். எனவே, குடிபெயர்ந்தவுடன் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்வது தள்ளிப்போடக் கூடாத காரியமாகும். உயர்தர வகுப்பை அண்மித்த பிள்ளைகள் உள்ள வீட்டில் மேலும் கவனம் தேவை. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. பிள்ளை எந்த மாவட்டத்தில் கற்றது என்பது அதன் எதிர்காலத்தைப் பாதிக்கக்கூடியதாகும்.

காணி வாங்குவதில் அவசரம் கூடாது. மலையகத்தில் பிரிக்கப்படாத பங்குகளாகவுள்ள காணிகள் ஏராளம். அத்தகைய பங்கொன்றை முழு உரிமையுள்ள காணி என நம்பி வாங்கியவர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறியிறங்க நேரிடுகின்றது. காணிப் பதிவகத்தின் பதிவேடுகளைச் சட்டத்தரணியொருவர் மூலம் பரிசீலிக்காமல் முற்பணம் செலுத்தலாகாது. உறுதி சிங்களத்தில் எழுதப்பட்டிருப்பின், அதனை முழுமையாக மொழிபெயர்த்து விளங்கிக்கொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.

மண்ணின் தன்மையை அறிவதும் அதேயளவு அவசியமாகும். 2025 நவம்பர் இறுதியில் வீசிய தித்வா சூறாவளியின்போது கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை, கேகாலை மாவட்டங்களில் மண்சரிவுகள் உயிர்களைக் காவுகொண்டன. மலையகத்தின் வீதிகளும் புகையிரதப் பாதைகளும் பலத்த சேதமடைந்தன. அழகிய காட்சியுள்ள மலைச்சரிவு மலிவாகக் கிடைத்தால், அது ஏன் மலிவாகக் கிடைக்கின்றது என்று கேட்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள பிரதேசங்களில் வீடு கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு பெறப்பட வேண்டும். அதனை வெறும் சம்பிரதாயமாகக் கருதுவது குடும்பத்தின் உயிரோடு விளையாடுவதற்கு ஒப்பாகும்.

மொழி உரிமை பற்றியும் இங்கு கூற வேண்டியுள்ளது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, வடக்கு, கிழக்குக்கு வெளியே சிங்களமே நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசங்களிலும், தமிழ் பேசும் ஒருவர் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் உரித்துடையவராவார். மொழிச் சிறுபான்மையினர் எட்டில் ஒரு பங்குக்கு மேற்பட்டு வாழும் பிரதேச செயலகப் பிரிவுகளில் இரு மொழிகளையும் நிர்வாக மொழிகளாகப் பிரகடனப்படுத்தும் அதிகாரமும் ஜனாதிபதிக்கு உண்டு. ஏட்டிலுள்ள இவ்வுரிமை அலுவலக மேசையில் பல வேளைகளில் மறுக்கப்படுகின்றது. தமிழ் தெரிந்த உத்தியோகத்தர்களைப் போதியளவு நியமிப்பது அரசின் கடமையாகும். அதனைக் கேட்டுப் பெறுவது மக்களின் கடமையாகும். அவ்வாறே, அயலவரின் மொழியைக் கற்றுக்கொள்வதும் நமக்கே நன்மை தரும்.

இறுதியாக ஒன்று. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் நிகழ்ந்த முஸ்லிம் விரோத வன்செயல்களை எவரும் மறந்துவிடவில்லை. அமைதியான ஊர் எனப்படுவதன் அமைதி எவ்வளவு எளிதில் குலையக்கூடியது என்பதை அந்நாட்கள் காட்டின. அமைதியைப் பேணும் முதற்பொறுப்பு அரசையும் சட்டத்தையும் சார்ந்தது. எனினும், வருடங்கள் கடந்தும் பக்கத்து வீட்டாரின் பெயரை அறியாமல், உயர்ந்த மதிலுக்குள் வாழ்பவர் எந்த ஊரையும் தமது ஊராக்கிக்கொள்ள முடியாது. மரணவீட்டிற்குச் செல்லுதல், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் பங்குபற்றுதல், வெள்ளம் வந்தால் முதலில் கைகொடுத்தல் ஆகியனவே ஒருவரை ஊரவராக்குகின்றன.

எமது முன்னோருக்கு மறுக்கப்பட்ட தெரிவுரிமை இன்று எம்மிற் சிலருக்கேனும் கிடைத்துள்ளது. அதனை அவசரத்தில் வீணாக்காமல், காணியை ஆராய்ந்து, பாடசாலையை விசாரித்து, மழைக்காலத்தில் ஒரு தடவையாவது அவ்வூரில் தங்கிப் பார்த்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். போகும் இடத்தில் வேரூன்றி வாழவேண்டும் என்ற எண்ணத்துடன் செல்பவர்களுக்குச் சிறு நகரங்கள் நல்வாழ்வைத் தரும் என்பதே எமது நம்பிக்கையாகும்.