அயர்லாந்தின் அடுப்பில் யார் சமையல்?

நம் சமையற்கட்டை வெளியூர் கேட்டரிங்காரர் ஒருவருக்கு விட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நம் அடுப்பில் அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதிக்கிறது. அத்தனையின் மதிப்பையும் கூட்டினால் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி. அதில் அவர் எடுத்துப்போகும் லாபத்தைக் கழித்து, நம் வீட்டார் வெளி அடுப்புகளில் சம்பாதித்ததைச் சேர்த்தால் மொத்தத் தேசிய வருமானம். ஆண்டுக்கு ஆண்டு இவை வளர்ந்தனவா என்று பார்க்க, விலையேற்றத்தையும் நீக்க வேண்டும். துவரம்பருப்பு விலை ஏறினால் அண்டா பெரிதாகிவிடாது.

இப்படிச் சமையற்கட்டை விட்ட நாடு அயர்லாந்து. 12.5 விழுக்காடு நிறுவன வரியை நம்பி அமெரிக்கப் பெருநிறுவனங்கள் அங்கே வந்தன. 2016 ஜூலையில் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் முந்தைய ஆண்டின் ஜிடிபி வளர்ச்சியை அறிவித்தது: 26.3 விழுக்காடு! ஐரிஷ்காரர்களின் தட்டில் சோறு கால் பங்கு கூடிவிடவில்லை. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் காப்புரிமை போன்ற அறிவுசார் சொத்துகளை அயர்லாந்துக் கிளைகளின் பெயருக்கு மாற்றியிருந்தன. கேட்டரிங்காரர் தன் ராட்சத கிரைண்டரை நம் வீட்டு விலாசத்தில் பதிந்துகொண்டார். அது அரைக்கும் மாவெல்லாம் நம் கணக்கில் ஏறியது.

லாபம்தான் வெளியே போய்விடுகிறதே, தேசிய வருமானமாவது உண்மை பேசாதா? அதுவும் முதல் கணக்கின்படி ஏறத்தாழ 19 விழுக்காடு எகிறியது. இங்கேதான் கவனம் வேண்டும். மொத்த வருமானத்தில் தேய்மானத்தைக் கழிப்பதில்லை. கேட்டரிங்காரரோ கிரைண்டரின் தேய்மானத்தைக் கழித்துவிட்டு, மிஞ்சுவதைத்தான் லாபம் என்று எடுத்துப்போகிறார். கழித்த தொகை நம் ஏட்டிலேயே தங்கிவிடுகிறது. கிரைண்டர் எவ்வளவு பெரிதோ, நாம் அவ்வளவு பணக்காரர்களாகத் தெரிவோம். அதில் ஒரு கரண்டி மாவுகூட நம்முடையதில்லை.

அன்றைய மத்திய வங்கி ஆளுநர் பிலிப் லேன் தலைமையிலான குழு இதற்கு ஒரு வழி சொன்னது. 2017 முதல் ‘திருத்திய தேசிய வருமானம்’ வெளியாகிறது. அறிவுசார் சொத்துகளின் தேய்மானம், குத்தகைக்கு விடும் விமானங்களின் தேய்மானம், தலைமையகத்தை மட்டும் அயர்லாந்துக்கு மாற்றிக்கொண்ட நிறுவனங்களின் லாபம் எல்லாவற்றையும் அதில் நீக்கிவிடுகிறார்கள். நேர்மையான வேலை. 2016இல் ஜிடிபி ஏறத்தாழ 275 பில்லியன் யூரோ. திருத்திய வருமானம் 189 பில்லியன்தான்.

அரசின் கடனை ஜிடிபியோடு ஒப்பிட்டால் அந்த ஆண்டு சுமார் 73 விழுக்காடு, கவலை இல்லாததுபோல் தோன்றும். திருத்திய வருமானத்தோடு ஒப்பிட்டால் 100ஐத் தாண்டுகிறது. கடனைக் கட்டப்போகிறவர்கள் அந்த வீட்டார்தான் என்பதால் இரண்டாவது எண்ணையே நான் நம்புவேன். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அயர்லாந்து செலுத்தும் பங்கின் பெரும்பகுதி இன்றும் திருத்தாத தேசிய வருமானத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது.