குச்சவெளிக் காற்றில் ஒரு கமரா

குச்சவெளியில் கமரா வாங்க நினைக்கிறவர் முதலில் வாங்கவேண்டியது ஒரு பெட்டி. மூடியைச் சுற்றி ரப்பர் விளிம்பு வைத்த, நாலு பக்கமும் கொளுவி இறுக்கிப் பூட்டக்கூடிய, இருபது லீற்றர் அளவான பிளாஸ்டிக் பெட்டி. எந்தக் கமரா, எந்த லென்ஸ் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கிற ஊரில், கமராவை எங்கே வைக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டால், எதை வாங்குவது என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

இதற்கு முதல் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 வீதத்தைத் தாண்டினால், கறியுப்பு காற்றில் இருக்கும் நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் திரும்பவும் காய்ந்து பளிங்காகும். மாரி காலத்தில் குசினியில் உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். நிலாவெளி உப்பளத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடற்கரையில் படம் எடுக்கும்போது அலைத்தூறல் கமராவின் மேல் படிகிறது. வெயிலில் உடனே காய்ந்துவிடுவதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரவில் ஈரம் ஏறும்போது அந்தப் படிவு உப்புத் தண்ணீராக மாறி, திருகாணி இடுக்குகளுக்கும் லென்ஸ் பூட்டுகிற வளையத்துக்கும் ஃபிளாஷ் பொருத்துகிற தண்டவாளத்துக்கும் இறங்குகிறது. பகலில் காய்கிறது, இரவில் மறுபடி கரைகிறது. ஆகவே கடற்கரையில் நின்ற ஒரு மணி நேரத்தைவிட, துடைக்காமல் அலுமாரிக்குள் வைத்த ஒரு மாதம்தான் கமராவை அதிகம் தின்கிறது.

இரண்டாவது காரணம் பூஞ்சணம். அதன் வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு. புதிதாகப் பெட்டி பிரித்த லென்ஸுக்குள்ளும் இருக்கும். ஈரப்பதம் 70 வீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ பல நாட்கள் நின்று, இருட்டும் அசையாத காற்றும் சேர்ந்தால் அவை முளைக்கின்றன. விரல் எண்ணெய், தூசி, லென்ஸுக்குள் பூசிய மசகு எல்லாமே அவற்றுக்குத் தீனி. கண்ணாடியின் மேல் சிலந்தி நூல் போலப் படரும். அது கக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், பிறகு பூஞ்சணத்தைத் துடைத்து எடுத்தாலும் தடம் போகாது. திருகோணமலைக் கரையில் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடையோடு மழை கொட்டுகிற மாதங்களில் இந்த நிலைமை நாட்கணக்கில் நீடிக்கும். மே தொடங்கி கச்சான் வீசும் பகல்களில் காற்று காய்ந்துவிடும். அப்போது பயமில்லை என்று நினைத்து மாரியில் ஏமாந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

கமராவை அதன் பையிலேயே போட்டு, உடுப்பு அலுமாரியின் அடித்தட்டில் வைப்பது நமது வழக்கம். இதைவிட மோசமான இடம் வீட்டில் இல்லை. பையின் துணியும் பஞ்சும் மாரி முழுவதும் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். தோல் உறை என்றால் பூஞ்சணத்துக்கு இன்னும் நல்லது. உடுப்புக்குப் போடும் பூச்சி உருண்டையின் ஆவி கண்ணாடியில் படிவதால் அதுவும் கூடாது. அரிசிப் பானைக்குள் வைக்கச் சொல்வார்கள். அரிசி பெரிதாக ஈரம் உறிஞ்சாது, தவிட்டுத் தூளைத்தான் உள்ளே விடும்.

அந்தப் பெட்டிக்கு வருவோம். உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 வீதத்துக்குள் நின்றால் போதும். 30க்குக் கீழே நீண்ட நாள் இறக்கினால் ரப்பரும் மசகும் காய ஆரம்பிக்கும். இருபது லீற்றர் பெட்டிக்குள் இருக்கும் காற்றில், முப்பது பாகை வெப்பத்தில் ஈரம் முழுதாக நிறைந்திருந்தாலும், அரைக் கிராமுக்குச் சற்று மேலான தண்ணீர்தான் இருக்கிறது. அதை உறிஞ்ச ஒரு பிடி சிலிக்கா ஜெல் போதும். பாரம் வருவது நாமே உள்ளே வைக்கும் பையிலிருந்தும், பஞ்சிலிருந்தும், கழுத்துப் பட்டியிலிருந்தும், மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதிலிருந்தும்தான். ஆகவே கமராவையும் லென்ஸையும் பையில்லாமல் வையுங்கள். கால் கிலோ சிலிக்கா ஜெல்லைத் துணி முடிச்சாகக் கட்டி ஓரத்தில் போடுங்கள். செம்மஞ்சள் மணிகள் கரும்பச்சையாகும்போது, அல்லது நீலம் இளஞ்சிவப்பாகும்போது, அவை நிறைந்துவிட்டன என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய தாச்சியில், மெல்லிய நெருப்பில், நிறம் திரும்பும்வரை கிளறி, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு. தெரிவு இருந்தால் செம்மஞ்சளை வாங்குங்கள். வெயிலில் மட்டும் காயவைத்தால் முழுதாகக் காயாது.

பெட்டிக்குள் ஒரு சின்ன ஈரமானியும் வேண்டும். மலிவான ஈரமானிகள் பத்து வீதம்வரைகூடப் பிழை காட்டும். சரிபார்க்க நமது ஊர்ச் சரக்கே போதும். ஒரு போத்தல் மூடியில் கறியுப்பைப் போட்டு, கரையாமல் சேறாகும் அளவுக்குச் சில துளி நீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத சிறு டப்பாவுக்குள் ஒரு இரவு மூடி வையுங்கள். காலையில் அது 75 காட்டவேண்டும். 69 காட்டினால், இனிமேல் அது சொல்வதோடு ஆறைக் கூட்டிக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீர் ஈரமானியில் படக்கூடாது, அவ்வளவுதான்.

மின்சாரத்தில் ஓடும் உலர்பெட்டி இதைவிட வசதியானதுதான். சில வாட் மின்சாரமே எடுக்கும், முள்ளைத் திருப்பி 45இல் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஐந்தாறு லென்ஸ் வைத்துத் தொழில் செய்கிறவர் அதை வாங்கட்டும். ஆனால் 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்ட நாடு இது. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே இதே கரையில்தான் ஏறியது. புயல் வந்தால் மின்சாரம் போவதும் ஈரம் உச்சத்துக்குப் போவதும் ஒரே வாரத்தில்தான் நடக்கும். ஆகவே உலர்பெட்டி வைத்திருப்பவரும் சிலிக்கா ஜெல்லைக் கைவசம் வைத்திருக்கவேண்டும்.

இனி, எதை வாங்குவது? உள்ளே ஆடி வைத்த டீஎஸ்எல்ஆரின் காலம் முடிகிறது என்பது உண்மை. 2020இல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3தான் தங்கள் கடைசி முதன்மை டீஎஸ்எல்ஆர் என்று கெனன் 2021 முடிவில் சொல்லிவிட்டது. நிக்கோனின் புதிய உழைப்பெல்லாம் ஆடியில்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டது. ரூபாய் விழுந்த பிறகு புதிய மிரர்லெஸ் விலையை நம்மில் பலர் கேட்கக்கூட முடியாது. ஆனால் ஸ்டூடியோக்கள் மாறுவதால் நல்ல டீஎஸ்எல்ஆர்கள் பாவித்த பொருள் விலைக்கு வந்திருக்கின்றன. கலியாண வீடு, கோயில் திருவிழா, பெருநாள் படம் என்று தொழில் தொடங்க நினைக்கும் இளைஞருக்கு இது நல்ல நேரம் என்றே நான் சொல்வேன்.

பழையது வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது திருகாணிகள். லென்ஸ் வளையத்தைச் சுற்றியுள்ளவையும் அடிப்பக்கத்தில் முக்காலி பூட்டும் துளையும் துருப்பிடித்திருந்தால், அந்தக் கமரா கடற்கரையில் துடைக்காமல் வாழ்ந்தது. உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். அடுத்தது லென்ஸ். அதன் ஒளித்துளையை முழுதாகத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சி, முன்னாலிருந்து பாருங்கள். நாலைந்து தூசிப் பொட்டுகள் படத்தைக் கெடுக்காது. நூல் நூலான கிளைகளும் புகை படிந்தது போன்ற மங்கலும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். சூம் வளையத்தைக் காதருகே வைத்துத் திருப்பினால் உள்ளே மணல் இருக்கிறதா என்று கேட்கும். பையை மணந்து பாருங்கள், பூஞ்சண வாடை மறையாது.

ஷட்டர் எத்தனை தரம் அடித்தது என்பதும் முக்கியம். நிக்கோனின் டி7200க்கு ஒன்றரை இலட்சம், டி850க்கு இரண்டு இலட்சம் என்று கம்பனி சோதித்துச் சொல்லியிருக்கிறது. கலியாணப் படப்பிடிப்பில் ஒரே நாளில் இரண்டாயிரம் போய்விடும். நிக்கோன் படக் கோப்புக்குள் அந்த எண்ணைத் தானே எழுதிவைக்கிறது. ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் கணினியில் பார்க்கலாம். கெனனில் பெரும்பாலும் தனி மென்பொருள் தேவை.

லென்ஸ் பொருத்தத்தில் பலர் பணத்தை இழக்கிறார்கள். நிக்கோனின் டி3000, டி5000 வரிசைக் கமராக்களுக்குள் மோட்டார் இல்லை. பழைய ஏஎஃப்-டி லென்ஸைப் பூட்டினால் பூட்டுப்படும், ஆனால் தானாகக் குவியாது. தனக்குள்ளேயே மோட்டார் வைத்த ஏஎஃப்-எஸ் வகையை வாங்கினால் நாளைக்கு மிரர்லெஸுக்கு மாறினாலும் இணைப்பி போட்டு வேலை செய்யும். கெனனின் இஎஃப் லென்ஸ்கள் 1987இல் தொடங்கியபோதே மோட்டாரோடுதான் வந்தன. அவையும் புதிய கமராக்களுக்கு இணைப்பியோடு போகும். ஆகவே உடலில் மிச்சம் பிடித்து லென்ஸில் செலவு செய்யுங்கள்.

இந்தக் கரைக்கு என்று ஒரு தெரிவு உண்டு. நீட்டினால் வெளியே வருகிற சூம் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும். காற்றோடு உப்பும் மணலும் போகும். நீளம் மாறாமல் உள்ளேயே நகரும் 70-200 போன்றவை பாதுகாப்பானவை, ஆனால் விலை கூடியவை. அதற்கு வசதியில்லாதவருக்கு 35 அல்லது 50 மில்லிமீற்றர், ஒளித்துளை 1.8 உள்ள சிறு லென்ஸ் ஒன்று நல்ல தொடக்கம். இரவுத் திருவிழாவுக்கும் அதுவே உதவும். நிக்கோன் டி7200, கெனன் 80டி போன்றவற்றில் இணைப்புகளுக்கு ஈரத்தடை உண்டு. அது தூறலைத் தாங்கும், அலையைத் தாங்காது. நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகில் போகிறவர்கள், கரையிறங்கும்வரை கமராவை வாய் சுருட்டி மூடும் நீர்ப்பையை விட்டு எடுக்கவேண்டாம்.

மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நம் மணலைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வடக்கே புல்மோட்டையில் இல்மனைற், ரூற்றைல், சேர்கோன் என்று கனிய மணல் அள்ளுகிறார்கள். சாதாரண வெண்மணலின் படிகக் கல்லே கனிமக் கடின அளவுகோலில் 7, சேர்கோன் ஏழரை. லென்ஸ் கண்ணாடி ஏறக்குறைய ஆறுதான், சில வகை அதற்கும் கீழே. ஆகவே மணல் இருக்கும்போது துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் நிச்சயம். முதலில் ரப்பர் பந்தால் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் துணி. வாயால் ஊதினால் எச்சில் போகும்.

அந்தத் துணியிலும் ஒரு விசயம். லென்ஸ் துடைக்க விற்கும் திரவங்களில் பல மதுசாரம் கலந்தவை. மதுசாரத்தில் உப்பு நன்றாகக் கரையாது, இழுபட்டுப் பரவும். கடற்கரையால் வந்த இரவே, மென்னிழைத் துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, கமரா உடலையும் லென்ஸின் வெளிப்புறத்தையும் முதலில் துடையுங்கள். நமது கிணறுகள் பலவற்றில் உவர் இருப்பதால், வாகன பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீரே நல்லது. அமிலப் போத்தலை மாறி எடுத்துவிடாதீர்கள். அதன் பிறகு உலர்ந்த துணி. முன்கண்ணாடிக்கு மட்டும், தேவையென்றால், திரவம் ஒரு துளி, துணியில் விட்டு. உள்ளே இருக்கும் ஆடியைத் தொடவே வேண்டாம்.

ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வரும்போது லென்ஸ் வேர்ப்பதற்கும் கணக்கு இருக்கிறது. வெளியே 30 பாகை, ஈரப்பதம் 80 வீதம் என்றால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் நீர் படியும். மண்டபத்துக்குள் 23 பாகையில் நின்ற கமரா கண்ணாடியில் மட்டுமல்ல, உள்ளேயும் வேர்க்கும். மண்டபத்துக்குள்ளேயே அதை இறுக்கமான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடிவிட்டு வெளியே கொண்டுவந்து, அரை மணி முக்கால் மணி நேரம் கழித்துத் திறவுங்கள். நீர் பையின் வெளியே படியும்.

நமக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. நீள லென்ஸோடு டீஎஸ்எல்ஆரின் கண்துளை வழியாக ஏறிய சூரியனைப் பார்க்காதீர்கள். ஒளி ஆடியில் பட்டு நேரே கண்ணுக்கு வரும், பார்வை போகும். பின்திரையில் பாருங்கள்.

மாரியில் வேலை இல்லாமல் கமரா சும்மா கிடந்தால், பற்றரியைக் கழற்றி அரைவாசிச் சார்ஜில் தனியே வையுங்கள். ஃபிளாஷுக்குள் சாதாரண சிறு பற்றரிகளை விட்டால் அவை கசிந்து அதைக் கொன்றுவிடும். வாரம் ஒரு தரம் எடுத்து, வளையங்களைத் திருப்பி, வீட்டுக்குள் பத்துப் படமாவது அடியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லென்ஸில் பூஞ்சணம் கண்டால் வெயிலில் காயவைத்துத் தீர்க்கலாம் என்று நம்பவேண்டாம். தொடக்கத்திலேயே, முன் அல்லது பின் கண்ணாடியில் மட்டும் இருந்தால், பழகிய திருத்துநர் கழற்றிச் சுத்தம் செய்துவிடுவார். ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு இடையே போயிருந்தால் முடியாது. கொழும்புவரை கொண்டுபோகும் செலவையும் கூலியையும் கூட்டிப்பாருங்கள். விலைகூடிய லென்ஸுக்கு அது தகும். கமராவோடு சேர்ந்து வந்த 18-55க்குத் தகாது. அதே வகையில் சுத்தமான பழைய லென்ஸ் அதைவிடக் குறைந்த காசுக்குக் கிடைக்கும். கெட்டதை விற்பதாயிருந்தால் பூஞ்சணம் இருப்பதைச் சொல்லி விற்கவேண்டும்.