கிழித்துப் போடாதீர்கள்!

குன்றத்தூர் முருகனைத் தரிசிக்க நீங்கள் போனதுண்டா? பல்லாவரத்திலிருந்தோ பூந்தமல்லியிலிருந்தோ பஸ் ஏறினால் வெகு சீக்கிரத்தில் போய்விடலாம். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊர் அது. சிறிய குன்று, அதன் மேல் சுப்பிரமணிய சுவாமி. ஏறிப் போக 84 படிகள். பட்டணத்திலே மாடி வீடுகளில் ஏறி இறங்கிப் பழகிய நம்மைப் போன்றவர்களுக்கு அது ஒன்றும் பிரமாதமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான் போயிருந்தபோது, படிகளுக்குக் கீழே ஒரு காட்சியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, முழங்காலின் மேல் நோட்டை வைத்துக்கொண்டு அந்தப் படிகளை வரைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்ப்பாள், குனிந்து ஒரு கோடு போடுவாள், அழிப்பாள். திடீரென்று 'சர்'ரென்று காகிதத்தைக் கிழித்துக் கசக்கி எறிந்தாள்.

பக்கத்தில் அர்ச்சனைத் தட்டுடன் உட்கார்ந்திருந்த தாயார் என்னைப் பார்த்து, "பாருங்கம்மா, இது நாலாவது காகிதம்!" என்று ஆரம்பித்துவிட்டார். "சின்னப் பிள்ளையா இருந்தப்போ எவ்வளவு அழகா வரைவா தெரியுமா? வீட்டுச் சுவரெல்லாம் இவ படந்தான். இப்போ நாளுக்கு நாள் மோசமாப் போகுது. டிராயிங் கிளாசுக்கு மாசா மாசம் பணம் கட்டறோம். நிறுத்திடலாமான்னு இவ அப்பா கேட்கிறார். வரம் இருந்தாத்தானேம்மா கையிலே வரும்?"

கசங்கிய காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். படிகள் சுவரில் சாத்திய ஏணியைப் போல நின்றன.

"ஏன் கண்ணு கிழிச்சே?" என்று கேட்டேன்.

"படி மேலே போகவே மாட்டேங்குது ஆண்ட்டி. நேரா நிக்குது" என்றாள், அழாத குறையாக.

வாசக சகோதரிகளே! அந்தத் தாயாருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை காகிதம் கிழித்துக்கொண்டிருக்கலாம். அல்லது, ஒரு காலத்தில் கிழித்துப் போட்ட பிள்ளை நீங்களாகவே இருக்கலாம்.

ஐந்து வயதுக் குழந்தை எப்படி வரைகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? வீடு என்றால் ஒரு சதுரம், அதன் மேல் ஒரு முக்கோணம். சூரியன் என்றால் ஒரு வட்டம், சுற்றிலும் கிரணங்கள். குழந்தை வீட்டைப் பார்த்து வரைவதில்லை. தன் மனத்தில் உள்ளதை வரைகிறது. அதனால் அதற்குச் சந்தேகமே வருவதில்லை. வரைந்ததெல்லாம் வெகு அழகு! நாமும் கை தட்டுகிறோம்.

பத்து வயதுக்கு மேல் ஒரு நாள் கண் விழித்துக்கொள்கிறது. 'நான் போட்ட படி வேறு, எதிரே இருக்கிற படி வேறு' என்று தெரிந்துவிடுகிறது. கண் பத்துப் படி ஏறிவிட்டது. கை இன்னும் இரண்டாம் படியிலேயே நிற்கிறது. இந்த இடைவெளிதான் வேதனை. 'எனக்கு வரவில்லை' என்று குழந்தை அழுவது கண் வளர்ந்துவிட்டதற்கு அடையாளம். இதை எடுத்துச் சொல்ல ஆளில்லாமல்தான் நம்மில் பெரும்பாலோர் அந்த வயதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறோம். நானும் அப்படி வைத்தவள்தான்.

அப்படியானால் வரம் என்று ஒன்று இல்லவே இல்லையா? சிலருக்குச் சீக்கிரம் வரும், சிலருக்கு மெதுவாக வரும், அது உண்மை. ஆனால் நாம் 'வரம் பெற்றவர்கள்' என்று கொண்டாடும் சித்திரக்காரர்களின் வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள்.

விகடனில் 'மாலி'யின் காலம். தஞ்சாவூரில் 1924-ல் பிறந்து, கும்பகோணம் சித்திரக் கலைப் பள்ளியில் படித்த ஓர் இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். 1941-ஆம் வருஷத் தீபாவளி மலருக்காக மாலி அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். திருவையாற்றுக்குப் போய், தியாகராஜ சுவாமிகள் பூஜித்த ஸ்ரீராம பட்டாபிஷேகப் படத்தை நேரில் பார்த்து வரைந்து வர வேண்டும். அந்தப் பதினேழு வயது இளைஞர்தான் பிற்காலத்தில் 'தில்லானா மோகனாம்பா'ளுக்குச் சித்திரம் வரைந்து பிரசித்தி பெற்ற கோபுலு.

நாமக்கல்லில் 1919-ல் பிறந்த ஸ்ரீநிவாசனும் மாலியின் பார்வையில் பட்டவரே. 'சில்பி' என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கெல்லாம் தெரியும். 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தலைப்பில், ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போய், சிற்பங்களுக்கு எதிரே உட்கார்ந்து, வருஷக்கணக்கில் வரைந்து குவித்தார். கல்லில் செதுக்கிய ஒட்டியாணத்தின் ஒவ்வொரு மணியும் அவர் பேனாவில் தப்பாது. அத்தனை நுட்பம் ஒரே நாளில் கைவந்ததா? ஒரு தூண் முடிந்தால் அடுத்த தூண், ஒரு கோயில் முடிந்தால் அடுத்த கோயில் என்று பார்த்துப் பார்த்து வந்தது.

சில்பி படித்த சென்னைக் கலைப் பள்ளி 1850-ல் தொடங்கியது. இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி. பூந்தமல்லியிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு நேரே பட்டணத்துக்குப் போனால், எழும்பூருக்குப் பக்கத்தில் அது வந்துவிடும். சித்திரம் கற்றுத் தரும் இடங்களில் முதலில் பழக்குவது பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் பழக்குகிறார்கள். கையை முழுக்க நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே உள்ள பொருளை அளக்க வேண்டும். குடத்தின் வாய் எத்தனை பங்கு, வயிறு எத்தனை பங்கு? கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரிகிற இடைவெளி என்ன வடிவம்? அந்த இடைவெளியைச் சரியாக வரைந்துவிட்டால் கை தானாகச் சரியாகிவிடும்! நடப்பவர்களையும் ஓடுபவர்களையும் ஒரு நிமிஷத்தில், இரண்டு நிமிஷத்தில் கிறுக்கிப் பழகுவார்கள். அங்கே கண் காது மூக்கு வேண்டாம். உடம்பின் வளைவு மட்டும் போதும்.

அளப்பது கௌரவக் குறைவு என்று நினைக்காதீர்கள். நம் ஸ்தபதிகள் அளவில்லாமல் உளியைத் தொடுவதில்லை. அவர்கள் சாஸ்திரத்தில் தாலம் என்று ஒரு கணக்கு உண்டு. உத்தம தசதாலம் என்றால் திருவுருவத்தின் உயரத்தை 124 பங்காகப் பிரித்து, நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு என்று வகுத்துக்கொள்வார்கள். இந்தக் கணக்கு விரல் நுனியில் நிற்பதற்கே பல வருஷம் ஆகும்.

'வயது போய்விட்டதே, இனிமேல் என்ன கற்பது?' என்று கேட்கும் சகோதரிகளுக்கு ஹாலந்து தேசத்து வான்காவைச் சொல்வேன். அவர் ஓவியராவது என்று முடிவு செய்தது 1880-ல். அப்போது வயது இருபத்தேழு. பயிற்சிப் புத்தகத்தின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்துதான் ஆரம்பித்தார். இன்று உலகமே வியக்கும் ஓவியங்களை அடுத்த பத்து வருஷத்துக்குள் வரைந்து முடித்தார்.

ஜப்பான் தேசத்து ஹொக்குஸாயின் கதை இன்னும் விசேஷம். 1834-ல், எழுபதைத் தாண்டிய வயதில், ஃபூஜி மலையின் நூறு காட்சிகளைப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஆறு வயதிலிருந்து வரைந்து வந்தவர், அதன் பின்னுரையில் என்ன எழுதினார் தெரியுமா? எழுபது வயதுக்கு முன் தாம் வரைந்தது எதுவும் பொருட்படுத்தத் தக்கதல்ல. எழுபத்து மூன்றில்தான் ஏதோ கொஞ்சம் புரிந்தது. நூற்றுப் பத்து வயதில் தாம் வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் உயிர் பெறும் என்று! அந்தக் கிழவரும் குன்றத்தூர்ச் சிறுமியும் ஒரே கட்சி. இருவருக்கும் தங்கள் படம் போதவில்லை. அவர் மட்டும் அடுத்த காகிதத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்.

பழகுவது கையா, கண்ணா என்று சந்தேகம் வந்தால் மறுபடியும் கோபுலுவிடம்தான் போக வேண்டும். முதுமையில் பக்கவாதம் வந்து அவருடைய வலக்கை செயலிழந்தது. சித்திரக்காரருக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா? அவரோ இடக்கையில் பேனாவைப் பிடித்துப் பழகினார், மறுபடி வரைந்தார். புதுக் கை குழந்தைக் கைதான். ஆனால் அதை நடத்திச் சென்ற கண் அறுபது வருஷம் பழகிய கண் அல்லவா? 2015-ல் அவர் காலமானார். அந்த இடக்கைக் கோடுகள் நமக்கு ஒரு பாடமாக நிற்கின்றன.

சரி, நாம் வீட்டில் என்ன செய்யலாம்?

தினம் கால் மணி நேரம் போதும். அடுக்களையில் இருக்கிற சொம்பு, கரண்டி, செருப்பு எதுவானாலும் சரி, நேரில் பார்த்து வரையட்டும். செல்போன் படத்தைப் பார்த்து வரைவதை நேரில் பழகிய பிறகு வைத்துக்கொள்ளலாம். எதை எப்படிக் காகிதத்தில் தட்டையாக்குவது என்ற வேலையை அந்தக் கருவியே செய்து முடித்துவிடுகிறது. ஒரே பொருளை வாரம் ஒரு முறையாவது திரும்ப வரையட்டும். ஒவ்வொரு தாளிலும் தேதி போடச் சொல்லுங்கள். கிழிக்க மட்டும் விடாதீர்கள். ஆறு மாதம் கழித்து முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

'எனக்கு ஒரு கோடுகூட நேராக வராது' என்று சொல்லும் அம்மாமார்களே, வாசலில் பதினைந்து புள்ளி வைத்து, கம்பி இழுபடாமல் சிக்குக் கோலம் போடுகிற கை யாருடையது? புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளி, இந்தப் பக்கத்து வளைவுக்கு அந்தப் பக்கத்தில் ஈடு! இதை அப்பியாசம் என்று நாம் சொல்லிக்கொள்ளாததுதான் குறை.

குன்றத்தூருக்கு வருவோம். சிறுமியிடம் பென்சிலை நீட்டிப் பிடிக்கச் சொன்னேன். "அடிப்படி எவ்வளவு அகலம்?"

"பென்சில் முழுக்க."

"உச்சிப்படி?"

ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளந்தாள். "ஐயே, என் நகம் அளவுதான் ஆண்ட்டி!" என்றாள். "நடுவிலே இருக்கிற இடமும் மேலே போகப் போகக் குறையுது!" அவள் எல்லாப் படிகளையும் ஒரே அகலத்தில், ஒரே இடைவெளியில் போட்டிருந்தாள். பிறகு ஏணியாக நிற்காமல் என்ன செய்யும்?

ஐந்தாவது காகிதம் வெளியே வந்தது. அந்தப் படமும் சரியாக வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் படிகள் சற்றே சாய்ந்து மேலே ஏறத் தொடங்கியிருந்தன.

நான் சுவாமி தரிசனம் செய்துவிட்டு இறங்கி வந்தபோது தாயார் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கசங்கிய நாலு காகிதங்களையும் பொறுக்கி, நீவி, அர்ச்சனைத் தட்டின் அடியில் மடித்து வைத்திருந்தார்.

"தேதி போட்டு வைக்கணும்னு சொன்னீங்களே அம்மா" என்றார்.