கோழிக்கழிச்சல் நோய்

கோழிக்கழிச்சல் நோய் அல்லது இராணிக்கேட் நோய் என்பது கோழிகளிடையே விரைந்து பரவும் ஒரு தீநுண்ம நோய் ஆகும். தமிழ்நாட்டில் இது வெள்ளைக்கழிச்சல் எனவும் அழைக்கப்படுகிறது. காஞ்சிபுரம் போன்ற பகுதிகளில் புறக்கடைக் கோழி வளர்ப்போருக்கு இந்நோய் பேரிழப்பை ஏற்படுத்துகிறது.

பெயர்க் காரணம்

1926 இல் இந்நோய் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியிலும் அறியப்பட்டது. இந்தியாவில் இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேட் நகரின் பெயரால் வழங்குகிறது. இதற்கான தடுப்பு மருந்தைத் தயாரிக்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அமைந்துள்ள இராணிப்பேட்டைக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

அறிகுறிகள்

 * வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூச்சுத்திணறல்
 * பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல்
 * கழுத்து திருகுதல், கால் மற்றும் இறக்கை வாதம்

தடுப்பூசி போடாத கோழிகள் சில நாட்களிலேயே பெருமளவில் இறக்கக்கூடும்.

வேறுபடுத்தி அறிதல்

மைக்கோபிளாசுமா என்னும் பாக்டீரியாவால் வரும் நாட்பட்ட சுவாச நோயிலும் மூச்சுத்திணறல் உண்டு. அதனை நுண்ணுயிர் எதிர்ப்பிகளால் கட்டுப்படுத்தலாம். கோழிக்கழிச்சலை அவ்வாறு குணப்படுத்த இயலாது. சிவப்புச் சிற்றுண்ணிகள் இரவில் இரத்தம் உறிஞ்சுவதால் கொண்டை வெளுக்கும். அவை பகலில் கூண்டின் இடுக்குகளில் ஒளிந்திருப்பதால், கோழிக்கு மட்டுமன்றிக் கூண்டிற்கும் மருந்திடல் வேண்டும்.

தடுப்பு முறைகள்

தடுப்பூசியே சிறந்த வழியாகும். குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் கண் அல்லது மூக்கில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் ஊசியும் போடப்படுகின்றன. தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை இலவசத் தடுப்பூசி முகாம்களை நடத்துகிறது. நலமாக உள்ள கோழிகளுக்கே தடுப்பூசி போடவேண்டும். நோயுற்றவற்றைச் சந்தையில் விற்பது நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுசெல்லும். இறந்தவற்றைச் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைத்தல் வேண்டும்.