முகத்தில் சிறு கட்டியா? பசார் மாலாம் கிரீமை நம்பாதீர்கள்!



சில மாதங்களுக்கு முன் ஒரு செம்பனைத் தோட்டத்திற்குப் போயிருந்தோம். லயத்து வாசலில் உட்கார்ந்து நாலு பேருடன் பேசிக்கொண்டிருந்தபோது, தேத்தண்ணி கொண்டுவந்த அந்த வீட்டுப் பெண், துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டே கோப்பையை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். என்னம்மா விஷயம் என்று அவள் தாயாரைக் கேட்டோம்.

"பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு பசார் மாலாம்ல ஒரு கிரீம் வாங்கிப் பூசினா, ஐயா. மொத வாரம் பளபளன்னுதான் இருந்துச்சு. இப்ப நாலு பரு இருந்த இடத்துல நாப்பது இருக்கு. வந்தவங்க பார்த்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார் அந்த அம்மா.

முகத்தில் வரும் சிறு கட்டி சின்ன விஷயந்தான். ஆனால் அது ஒரு குடும்பத்தை எப்படிக் கலங்க வைக்கிறது என்பதை அன்று நேரில் பார்த்தோம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

எல்லாக் கட்டியும் பரு அல்ல

முதலில் பருவை எடுத்துக்கொள்வோம். நம் தோலுக்குள் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. வயது வரும் பருவத்தில் அவை கூடுதலாகச் சுரக்கும். செத்த தோலும் எண்ணெயும் சேர்ந்து மயிர்த் துவாரத்தை அடைத்துவிட்டால் உள்ளே கிருமி பெருகும். கட்டி வீங்கிச் சீழ் பிடிக்கும். இரத்தம் கெட்டுப்போனதால் வருகிறது, கெட்ட நினைப்பால் வருகிறது என்பதெல்லாம் வெறும் பேச்சு. பிள்ளைகளை அப்படிச் சொல்லிப் புண்படுத்தாதீர்கள்.

நம் வீடுகளில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைப்பது வழக்கம். அது நெற்றியில் வழிந்தால் துவாரத்தை அடைக்கும். நெற்றி ஓரத்தில் மட்டும் வரிசையாகப் பரு இருந்தால் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் மிதமான சோப்புப் போட்டு முகம் கழுவினால் போதும். தேய்த்துத் தேய்த்துக் கழுவக்கூடாது, கிள்ளவும் கூடாது. கிள்ளினால் தழும்பு நிற்கும். பார்மசியில் பென்சாயில் பெராக்சைட் என்று கேட்டால் மருந்து கிடைக்கும். கொஞ்சமாகப் பூச வேண்டும். குணம் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகள் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூச வேண்டாம்.

அடுத்தது வேர்க்குரு. வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் வியர்வைக் குழாய் அடைபட்டு வருவது. குளிர்ந்த தண்ணீர், காற்றோட்டம், பருத்தித் துணி, அரிப்பு இருந்தால் காலமைன் ஆகியவையே போதும்.

கண்ணைச் சுற்றி ரவை போல் வெள்ளையாக இருப்பது வேறு. செத்த தோல் உள்ளே சிக்கிக்கொண்டது அது. பிறந்த குழந்தைகளுக்கு வந்தால் சில வாரத்தில் தானே மறைந்துவிடும். பெரியவர்களுக்கு டாக்டர் சுத்தமான ஊசியால் எடுத்துவிடுவார். வீட்டு ஊக்கை எடுத்துக் குத்தாதீர்கள்!

நடுத்தர வயதுப் பெண்களின் கன்னத்தில் மிளகு போல் கறுப்பாக முளைப்பது நம் போன்ற கறுத்த தோலுக்கு உரியது. தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். அதனால் ஒரு கெடுதலும் இல்லை. சுண்ணாம்பு வைத்து எரிக்கப் போனால் மறு போய், ஆயுசுக்கும் தழும்புதான் மிஞ்சும்.

பூச்சிமருந்து, புல்மருந்து அடிக்கிறவர்களுக்கு முகத்தில் அரிப்போடு தடிப்பு வந்தால், அது மருந்து பட்டதாலும் இருக்கலாம். உடனே சோப்புப் போட்டுக் கழுவி, மேலாளரிடம் சொல்லிப் பதிய வையுங்கள். முகக் கவசமும் கையுறையும் கொடுப்பது முதலாளியின் கடமை, கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கிரீமில் என்ன இருக்கிறது?

சில வெள்ளையாக்கும் கிரீம்களில் பாதரசமும், ஸ்டீராய்டு மருந்தும், ஹைட்ரோகுயினோனும் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளபளப்பாக்கும். பிறகு தோலை மெலிய வைத்துப் புதுப் பருக்களைக் கிளப்பிவிடும். பாதரசமோ தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவர் தலையணையிலும் துண்டிலும் ஒட்டி, வீட்டுக் குழந்தைகளையும் தொடும்.

விற்பனைக்கு வரும் அழகுப்பொருளில் என்.ஓ.டி. என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எண்ணும் இல்லை, செய்தவர் விலாசமும் இல்லை என்றால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எப்போது பயப்பட வேண்டும்?

கட்டி வளர்ந்துகொண்டே போனால், தொட்டால் இரத்தம் வந்தால், ஒரு மாதமாகியும் புண் ஆறாவிட்டால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். காது மடல் தடித்து, முகத்தில் கட்டிகள் எழும்பி, புருவம் உதிர்ந்து, எங்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் தொழுநோயாக இருக்கலாம். மறைக்காதீர்கள். 1930-இல் சுங்கை பூலோவில் குடியிருப்பு அமைத்து நோயாளிகளை ஒதுக்கி வைத்த காலம் போய்விட்டது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்தால் அந்த நோய் முழுதாகக் குணமாகிறது.

அந்தப் பெண்ணைத் தாயாரோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போகச் சொன்னோம். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 வெள்ளிதான். கிரீம் டப்பாவையும் கொண்டுபோகச் சொன்னோம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நிறுத்தினதும் சில வாரம் இன்னும் மோசமாகத்தான் தெரியும். பயந்துபோய் மறுபடி பூசிடாதே" என்று எச்சரித்தாராம். அவளும் பொறுத்தாள். அண்மையில் மறுபடி அந்த லயத்துக்குப் போனோம். தேத்தண்ணியை அவளேதான் கொண்டுவந்தாள். முகத்தில் இன்னும் சில வடுக்கள் இருந்தன, துண்டு இல்லை.

"கறுப்பா இருந்தா என்னங்கய்யா, எம் முகம் எனக்கு வந்துருச்சு" என்றாள்.

தாய்மார்களே! வெயிலில் உழைத்த நிறம் அவமானமல்ல. உங்கள் பெண்ணின் நிறத்தைக் குறை சொல்லி வருகிற சம்பந்தத்திற்காக அவள் முகத்தை விஷத்துக்குக் கொடுக்காதீர்கள்!