பூச்சிகளை முதிரவிடாத காகிதம்

பூச்சியைத் தோலுரிக்க வைப்பது எக்டைசோன் என்ற ஓமோன். ஆனா, உரித்தபின் அது இன்னொரு குஞ்சா, முதிர்ந்த பூச்சியா என்பதைத் தீர்மானிப்பது இளமை ஓமோன். குருதியில் அது வற்றினால்தான் முதிர்ச்சி.

1960களில் கரெல் ஸ்லாமா பிராகிலிருந்து ஹாவர்டுக்குக் கொண்டுபோன பூச்சிகள் முதிரவேயில்லை. பெருத்த குஞ்சுகளாகவே செத்துப்போயின. காரணம் என்ன தெரியுமா? பாத்திரத்தில் போட்ட காகிதம்! அமெரிக்கக் காகிதத்துக்குக் கூழாகும் பால்சம் ஃபிர் மரத்தில் இளமை ஓமோனைப்போல வேலைசெய்யும் பொருளொன்று இருந்தது. ஐரோப்பியக் காகிதத்தில் அது இல்லை.

டெங்கு நுளம்புக்கு எதிரான பைரிப்ராக்ஸிஃபென் மருந்தும் இதே வழியில்தான் வேலைசெய்கிறது. தண்ணீரில் அதைக் கலந்தால் குடம்பிகள் கூட்டுப்புழுவாகும், நுளம்பாகிப் பறக்காது. நம் உடம்பில் இளமை ஓமோனே கிடையாது. குறிப்பிட்ட அளவுக்குள் குடிநீரிலும் இதைப் போட முடிவது அதனால்தான்.